வலி மாத்திரைக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்? சிறுநீரில் விடை தேடிய ஃபிட்ஸ்ஜெரால்ட்

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 64 வயது. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் இதய டாக்டர் கோபப்படுகிறார். மூட்டுவலி மாத்திரைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

டாக்டர் கோபப்படுவது நியாயம்தான். மாத்திரை வலியைக் குறைக்க உடம்பில் எந்த நொதியைத் தடுக்கிறதோ, அதே நொதிதான் ரத்தக்குழாய்க்கு ஒரு காவலையும் தயாரித்துக் கொடுக்கிறது. வலி குறைவதும் இதயத்துக்கு ஆபத்து வருவதும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள். இதை மனிதர்களில் அளந்து, இப்படி ஒரு ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே எழுதியவர் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்ட். நான் மருந்தியல் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் இவர் கதையைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிப்பதில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன்.

1950இல் டப்ளினில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்தார். பிறகு லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மருந்தியல் ஆராய்ச்சி. 1980 வாக்கில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நடுவில் சில வருடம் டப்ளினுக்குத் திரும்பி, 1994 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். இந்த ஊர் மாற்றங்களை விட முக்கியமானது அவர் ஆராய்ச்சிக்கு வந்த நேரம்.

1971இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. சுருக்கமாக 'காக்ஸ்' என்போம். அந்த நொதியிலிருந்து பல பொருட்கள் பிறக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1975இல் ஸ்வீடனில் சாமுவேல்சன் குழு கண்டுபிடித்தது த்ராம்பாக்ஸேன். டெங்கு வந்தால் குறைகிறதே பிளேட்லெட், அந்தத் தட்டணுக்கள் உண்டாக்குவது இது. தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும், குழாயைச் சுருக்கும். அடுத்த வருடமே வேன் குழு கண்டுபிடித்தது ப்ராஸ்டாசைக்ளின். இது ரத்தக்குழாயின் உள்சுவர் செய்வது. தட்டணுக்களை ஒட்ட விடாது, குழாயை விரிக்கும். ஒன்று 'கட்டு' என்கிறது, இன்னொன்று 'கட்டாதே' என்கிறது. தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி.

இது வரைக்கும் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். ஃபிட்ஸ்ஜெரால்ட் கேட்டது அடுத்த கேள்வி. நடமாடிக்கொண்டிருக்கும் மனிதனின் உடம்பில் இந்த இரண்டும் எவ்வளவு இருக்கின்றன? எப்படி அளப்பது?

ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஊசி குத்தும்போதே குழாயில் காயம் படுகிறது. காயம் பட்டதும் தட்டணுக்கள் விழித்துக்கொண்டு த்ராம்பாக்ஸேனைக் கொட்டுகின்றன. சுவரும் தன் பங்குக்கு ப்ராஸ்டாசைக்ளினை வெளியே விடுகிறது. அதாவது நாம் அளப்பது அந்த மனிதனின் இயல்பான அளவை இல்லை, நம் ஊசி உண்டாக்கிய கலவரத்தை. அதோடு இரண்டு பொருளுக்குமே ஆயுள் மிகக் குறைவு, நிமிடக் கணக்குதான். ஆகவே அவர் சிறுநீருக்குப் போனார். இந்தப் பொருட்கள் சிதைந்தபின் மிஞ்சும் எச்சங்கள் மணிக்கணக்கில் சேர்ந்து சிறுநீரில் வெளியேறும். பாட்டிலில் சிறுநீரைச் சேகரித்து, நிறை நிறமாலைமானி என்ற கருவியில் எடை பிரித்து, மிகச் சிறிய அளவையும் எண்ணிவிடலாம். வாண்டர்பில்டில் இந்தக் கருவியில் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். யாருக்கும் ஊசி கிடையாது, கலவரம் கிடையாது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் இந்த பாட்டிலின் மேல்தான் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதல் பலன் ஆஸ்பிரினில் கிடைத்தது. தராசைப் பார்த்தாலே கஷ்டம் புரியும். ஆஸ்பிரின் த்ராம்பாக்ஸேனையும் அடிக்கும், ப்ராஸ்டாசைக்ளினையும் அடிக்கும். கெட்டதை மட்டும் அடித்து நல்லதை விட்டுவைக்க வழி உண்டா? அளவைக் குறைத்தால் உண்டு என்று காட்டினார்கள். ரோமில் கார்லோ பத்ரோனோவும் அதே காலத்தில் இதே திசையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1984இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் சகாவும் வெளியிட்ட கட்டுரை, இதற்கான காரணத்தை அழகாகச் சொல்கிறது.

மாத்திரையோடு கூடவே போய்ப் பாருங்கள். வயிற்றிலும் குடலிலும் உறிஞ்சப்பட்ட ஆஸ்பிரின் நேராக உடம்பு முழுக்கப் போய்விடாது. முதலில் கல்லீரலுக்குப் போகும் சிரையில் நுழைகிறது. கல்லீரல் அதில் ஏறத்தாழ பாதியைச் சிதைத்துவிடும். ஆனால் கல்லீரலுக்கு முன்னாலேயே, அந்தச் சிரையில் ஓடிக்கொண்டிருக்கும் தட்டணுக்கள் முழு வீரியமான ஆஸ்பிரினைச் சந்தித்துவிடுகின்றன. ஒரு முறை அடிபட்ட தட்டணுவுக்கு மீட்சி இல்லை. அதற்கு உட்கரு கிடையாது, புதிய நொதியைச் செய்துகொள்ள முடியாது. சாகும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, அப்படியே இருக்கும். ரத்தக்குழாய்ச் சுவரின் செல்லுக்கோ உட்கரு உண்டு. அதற்கு வந்து சேரும் ஆஸ்பிரினும் குறைவு, அடிபட்டாலும் புதிதாகச் செய்துகொள்ளும். ஆக, தினமும் சின்ன அளவு போதும். தட்டணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே அடங்கிவிடும், சுவர் பெரும்பாலும் தப்பிவிடும். உங்கள் அப்பா தினமும் போடும் சின்ன ஆஸ்பிரினுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

சரி, இப்போது வலி மாத்திரைக்கு வருவோம்.

1991 வாக்கில் காக்ஸ் நொதி ஒன்றில்லை, இரண்டு என்று தெரியவந்தது. காக்ஸ்-1 எப்போதும் இருப்பது, வயிற்றின் உள்தோலைக் காப்பது. காக்ஸ்-2 வீக்கம் வரும்போது பெருகுவது, வலிக்குக் காரணம். உடனே எல்லோருக்கும் ஒரே யோசனை. காக்ஸ்-2ஐ மட்டும் அடித்தால் வலி போகும், வயிற்றுப் புண் வராது. நல்ல யோசனைதான். பழைய வலி மாத்திரைகளால் வயிற்றில் ரத்தம் கசிந்து இறந்தவர்கள் நிறைய பேர். 1998 டிசம்பர் கடைசியில் செலிகாக்ஸிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 1999 மே மாதம் ரோஃபிகாக்ஸிப். பின்னது 'வயோக்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்ற மாத்திரை.

இந்த இரண்டு மருந்துகளையும் ஃபிட்ஸ்ஜெரால்ட் குழு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, வழக்கம்போல் சிறுநீரைச் சேகரித்தது. ரத்தக்குழாய்ச் சுவர் காக்ஸ்-1ஐ வைத்துத்தான் ப்ராஸ்டாசைக்ளின் செய்கிறது என்பது அன்றைக்கு எல்லோருடைய நம்பிக்கை. அப்படியானால் புதிய மாத்திரை அதைத் தொடக்கூடாது. முடிவு வந்தபோது த்ராம்பாக்ஸேன் எச்சம் அப்படியே இருந்தது. ப்ராஸ்டாசைக்ளின் எச்சம் நன்றாகக் குறைந்திருந்தது.

மறுபடியும் தராசை நினைத்துப் பாருங்கள். 'கட்டாதே' என்று சொல்லும் தட்டு காலியாகிறது, 'கட்டு' என்று சொல்லும் தட்டு நிறைந்தே இருக்கிறது. ஆஸ்பிரின் செய்ததற்கு நேர் எதிர். 1999 தொடக்கத்தில் வெளிவந்த கட்டுரையில், ஓடும் ரத்தத்தின் உராய்வே சுவரில் காக்ஸ்-2ஐ உண்டாக்கிக்கொண்டிருக்கலாம் என்று விளக்கம் சொல்லியிருந்தார்கள். இதனால் இதய ஆபத்து வரலாம் என்பதையும் எழுதினார்கள். வயோக்ஸ் கடைக்கு வருவதற்கு முன்பே அச்சில் வந்துவிட்ட எச்சரிக்கை இது. பல ஆயிரம் பேரை வைத்துச் செய்த சோதனையில் கிடைத்ததும் இல்லை. சில பத்து பேர், சில நாள், கொஞ்சம் பாட்டில்கள்.

2000ஆம் ஆண்டு நவம்பரில் வயோக்ஸின் பெரிய சோதனை வெளிவந்தது. முடக்குவாத நோயாளிகள் 8,076 பேர். பாதிப் பேருக்கு வயோக்ஸ், மீதிப் பேருக்கு நாப்ராக்சன் என்ற பழைய மாத்திரை. எதிர்பார்த்தபடியே வயிற்றுப் பிரச்சினை பாதியாகக் குறைந்தது. ஆனால் மாரடைப்பு வயோக்ஸ் தரப்பில் 0.4 சதவீதம், நாப்ராக்சன் தரப்பில் 0.1 சதவீதம். இதற்குத் தயாரிப்பாளர் தரப்பு சொன்ன விளக்கம்: வயோக்ஸ் கெடுதல் செய்யவில்லை, நாப்ராக்சன்தான் ஆஸ்பிரின் மாதிரி இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்த விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நாப்ராக்சன் தட்டணுக்களை ஓரளவு அடக்கும் என்பது உண்மை. இரண்டு மருந்துகளை மட்டும் ஒப்பிட்டால் ஒன்று கெட்டதா மற்றது நல்லதா என்று பிரிக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் இந்த அளவு வித்தியாசத்தை அது ஒன்றே உண்டாக்கியிருக்க முடியுமா? அதற்கு மேல், பாட்டிலில் இருந்து வந்த ஒரு காரணம் ஏற்கனவே அச்சில் இருந்தது. புள்ளிவிவரமும், மருந்து உடம்பில் வேலை செய்யும் விதமும் ஒரே பக்கம் கை காட்டும்போது, இதய நோயாளிகளிடமே இதற்கென்று ஒரு சோதனை நடத்திப் பார்த்திருக்க வேண்டும். நடத்தவில்லை. மாத்திரை விற்றுக்கொண்டே இருந்தது. 2003இல் மட்டும் விற்பனை 250 கோடி டாலர். பல வருடம் பாடம் நடத்தியபின்னும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கடைசியில் விடை வேறொரு சோதனையில் வந்தது. குடலில் வளரும் கட்டிகள் திரும்ப வராமல் தடுக்குமா என்று பார்க்க 2,586 பேரிடம் நடத்திய சோதனை அது. இந்த முறை ஒப்பீடு வெறும் மாவு மாத்திரையோடு. நாப்ராக்சன் காரணம் சொல்ல இங்கே இடமே இல்லை. வயோக்ஸ் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2004 செப்டம்பர் 30 அன்று மருந்து உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அதே டிசம்பரில் தடை வந்தது. 2005 ஏப்ரலில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வால்டிகாக்ஸிபும் அமெரிக்காவில் போனது. செலிகாக்ஸிப் கடுமையான எச்சரிக்கையோடு இன்னும் இருக்கிறது. 2007இல் வயோக்ஸ் வழக்குகளைத் தீர்க்க அதைத் தயாரித்த நிறுவனம் 485 கோடி டாலர் ஒதுக்கியது. முன்பு வெளியான பெரிய சோதனையின் கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் சேர்க்கப்படவில்லை என்பதும் பின்னால் தெரிந்து, அதை வெளியிட்ட இதழே 2005 டிசம்பரில் கவலை தெரிவித்துக் குறிப்பு எழுதியது.

மருந்து போன அடுத்த மாதமே, 2004 அக்டோபரில், ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய கட்டுரையின் சாரம், இது ஒரு மாத்திரையின் தனிக் குறை இல்லை, அந்த வகை மருந்துகளின் பொதுக் குணம் என்பது. வெறும் கருத்தாக அதை விட்டுவிடவில்லை. எலிகளில் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். ப்ராஸ்டாசைக்ளின் ஏற்பி (செல்லில் அதன் சைகையை வாங்கிக்கொள்ளும் புரதம்) இல்லாத எலிக்கு, குழாயில் காயம் பட்டால் தட்டணுவும் சுவரும் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டின. பின்னர் 2012இல், ரத்தக்குழாய்ச் சுவரில் மட்டும் காக்ஸ்-2ஐ நீக்கினாலும் ரத்த அழுத்தம் கூடுகிறது, ரத்தம் எளிதாகக் கட்டுகிறது என்று காட்டினார்கள்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. லண்டனில் ஜேன் மிட்செல் குழுவினர், ஆரோக்கியமான குழாய்ச் சுவரில் ப்ராஸ்டாசைக்ளினைச் செய்வது காக்ஸ்-1தான், சிறுநீரில் தெரியும் எச்சம் குழாயிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதிட்டார்கள். பாட்டிலின் மேலேயே வைத்த கேள்வி என்பதால் இது முக்கியம். மாத்திரைகளால் ஆபத்து உண்டு என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. எந்த உறுப்பின் வழியாக என்பதில்தான் சண்டை.

உங்கள் அப்பாவுக்கு இதில் எது பொருந்தும்? வயோக்ஸ் போய்விட்டதே என்று இருந்துவிட முடியாது. நம் கடைகளில் சீட்டு இல்லாமலே கை நீட்டி வாங்கும் டைக்ளோஃபினாக், பெயரில் பழைய மருந்தாக இருந்தாலும், காக்ஸ்-2ஐத் தடுக்கும் விகிதத்தில் செலிகாக்ஸிபுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஃபிட்ஸ்ஜெரால்ட் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். 2013இல் பல சோதனைகளைச் சேர்த்துப் போட்ட பெரிய கணக்கு அதையே சொன்னது: நடுத்தர ஆபத்து உள்ள 1000 பேர் ஒரு வருடம் காக்ஸ்-2 மருந்தோ டைக்ளோஃபினாக்கோ அதிக அளவில் எடுத்தால், 3 பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும், அதில் ஒருவர் இறப்பார். 1000இல் 3 தானே என்று தோன்றலாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆரம்ப ஆபத்தே அதிகம் என்பதால் அந்த 3 இன்னும் ஏறும். அந்தக் கணக்கில் நாப்ராக்சனில் இதய ஆபத்து கூடவில்லை, ஆனால் அது வயிற்றைக் கெடுக்கும். கெடுதலே இல்லாத மாத்திரை இந்தக் குடும்பத்தில் கிடையாது.

அப்புறம் ஐபுப்ரோஃபென். இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு, அதைக் கண்டுபிடித்ததும் இவர் குழுதான், 2001இல். ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடம் காக்ஸ் நொதிக்குள் ஒரு குறுகலான சந்தின் உள்ளே இருக்கிறது. ஐபுப்ரோஃபென் முன்னால் போய் அந்தச் சந்தில் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரின் உள்ளே போக முடியாது. ஐபுப்ரோஃபென் சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். ஆனால் அதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்து தீர்ந்துவிட்டிருக்கும். தட்டணுக்கள் தப்பித்துவிடும். தினமும் மூன்று வேளை ஐபுப்ரோஃபென் போடுகிறவருக்கு, ஆஸ்பிரினை முதலில் போட்டாலும் பயன் குறைந்தது. பாரசிட்டமால் இப்படிக் குறுக்கே நிற்கவில்லை.

எங்கள் பெரியப்பாவின் மாத்திரை டப்பாவில் இதை நேரில் பார்த்தேன். காலை என்று எழுதிய கட்டத்தில் இதயத்துக்கான ஆஸ்பிரினும், முழங்காலுக்கான ஐபுப்ரோஃபெனும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. முதலாவது எழுதிக் கொடுத்தது, இரண்டாவது அவராக வாங்கியது. இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கி வந்திருக்கிறார், ஏறக்குறைய ஒரு வருடம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் அவர் தட்டணுக்களின் மேல் ஆஸ்பிரின் எந்த அளவுக்கு வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் இதற்கு நேரக் கணக்கு ஒன்று கொடுத்தது. ஆஸ்பிரின் போட்டுக் குறைந்தது 30 நிமிடம் கழித்து ஐபுப்ரோஃபென், அல்லது ஐபுப்ரோஃபென் போட்டு 8 மணி நேரத்துக்கு மேல் கழித்து ஆஸ்பிரின். ஆனால் எப்போதாவது ஒரு முறை ஐபுப்ரோஃபென் போடுபவருக்கான, கோட்டிங் இல்லாத சாதாரண ஆஸ்பிரினுக்கான கணக்கு அது. இங்கே பெரும்பாலோர் போடுவது குடலில் கரையும் கோட்டிங் உள்ளது, அதற்கு இந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. அந்தக் கோட்டிங் பற்றியும் இவர் குழு 2013இல் 400 ஆரோக்கியமானவர்களிடம் பார்த்தது. 'எனக்கு ஆஸ்பிரின் வேலை செய்வதில்லை' என்று தோன்றும் பலருக்கு, உண்மையில் மருந்து எதிர்ப்பு எதுவும் இல்லை, கோட்டிங்கால் மருந்து தாமதமாகவும் ஏறுமாறாகவும் உறிஞ்சப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை மாற்றிவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினை நிறுத்துவது எல்லாவற்றையும் விட ஆபத்து.

வலி மாத்திரைகளோடு அவர் ஆராய்ச்சி முடியவில்லை. மாரடைப்பு ஏன் காலையில் அதிகம் வருகிறது என்ற கேள்வி அவரை உடம்பின் கடிகாரத்துக்குக் கொண்டுபோனது. மூளையில் மட்டும் இருப்பதாக நினைத்த அந்தக் கடிகாரம் ரத்தக்குழாய்ச் சுவரிலும் தனியாக ஓடுகிறது என்று 2001இல் அவர் குழு எழுதியது. அது தனிக் கதை, இன்னொரு கேள்வியில் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் அவர் வழி அதேதான்: பொருள் உடம்பில் எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு என்று முதலில் அளப்பது.

இப்போது அப்பா விஷயம். அடுத்த முறை இதய டாக்டரிடம் போகும்போது அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் தானாக வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், எட்டோரிகாக்ஸிப், ஐபுப்ரோஃபென் என்ற பெயர்கள் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், பல சமயம் பாரசிட்டமாலோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக. முன்பக்கப் பெயரைப் பார்த்தால் தெரியாது. முழங்காலுக்குப் பாரசிட்டமால் போதுமா, தடவும் களிம்பு உதவுமா, பிசியோதெரபி எத்தனை நாள் என்று கேளுங்கள். தடவும் மருந்தில் ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு. வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லமாட்டார், அவரிடம் வேறு வழிகள் இருக்கின்றன. மாத்திரைதான் தேவை என்று அவரே முடிவு செய்தால், எது, எத்தனை நாள், ஆஸ்பிரினுக்கு எத்தனை மணி நேரம் தள்ளி என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.